சுவருக்கு வெளியே

கல்லறைத் திருநாள். கூட்டமெல்லாம் உள்ளே குருவானவர் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கக் காத்து நிற்க, ஒரு பாட்டி மட்டும் சுற்றுச்சுவருக்கு வெளியே, முள்செடி ஓரம் உட்கார்ந்திருந்தார்.

முன்னால் சிலுவை இல்லை, பெயர் இல்லை. மண்ணில் ஒரு மெழுகுவத்தி. காற்றில் அணையாமலிருக்கத் தேங்காய்ச் சிரட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்.

"என் பிள்ளை, தம்பி. பிறந்த அன்றைக்கே போய்விட்டான். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உள்ளே இடமில்லை என்றுவிட்டார்கள்."

இந்த வழக்கத்தின் வேர் பழையது. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார் ஆதித் திருச்சபையின் இறையியலாளர் புனித அகுஸ்தீன். (லேசானதாம்!) இடைக்கால இறையியலாளர்கள் மனமிரங்கி 'லிம்போ' என்றார்கள்: அங்கே வேதனை இல்லை, கடவுளின் தரிசனமும் இல்லை.

திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கவில்லை. சுவர் மட்டும் எழும்பிவிட்டது.

2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை, நம்பலாம் என்றது. யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்று மைக் பிடித்து அடித்துச் சொல்பவர்களைவிட இந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஞானஸ்நானம் பெற ஆசைப்பட்டு, பெறாமலே இறந்தவருக்கும் மீட்பு உண்டு என்பது மறைக்கல்விப் பாடம். அப்படியானால் தாயின் ஆசையைக் கணக்கில் சேர்க்கக்கூடாதா?

16ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளரான கர்தினால் கயத்தான் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். பின்னர் ரோமில் அச்சான அவரது நூலிலிருந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள்.