ஒளியும் ஒழியும்: மாதிரிக்குள் ஒலியை எங்கே, எப்போது விடுவது?

என் முதுகலை ஆய்வின் கேள்வி சின்னது. ‘ஒளி’, ‘ஒளி’ என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு ‘ஒழி’ வந்தால் மூளை அதைக் கண்டுகொள்கிறதா? கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி போய் வந்த எங்களிலேயே பலருக்குப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுகிறது. வாயில் தேய்ந்த வேறுபாடு காதிலும் தேய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

இப்படி வரிசை மாறும் ஒலிக்கு மூளை தரும் எதிர்மின் அலையை 1978-இல் பின்லாந்தின் ரிஸ்டோ நேத்தனென் குழுவினர் விவரித்தார்கள். அந்த அலை எந்தப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு மாறுவதால் வருகிறது என்று பார்க்க டிசிஎம் முறை இருக்கிறது. மூளைப் பகுதிகளையும் அவற்றின் இணைப்புகளையும் ஒரு கணித மாதிரியாக எழுதி, அது தரும் அலை தரவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. கார்ல் ஃபிரிஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் எஃப்எம்ஆர்ஐ எனும் மூளை வருடல் தரவுக்காகக் கொண்டுவந்தது. 2006-இல் ஒலிவியே டேவிட் முதலானோர் அதை இஇஜி அலைகளுக்கும், அதாவது தலைமேல் பதியும் மூளை மின்அலைகளுக்கும், விரித்தார்கள். இந்தக் கணக்கைச் செய்யும் எஸ்பிஎம் மென்பொருளில் மூளையின் ஐந்து பகுதிகளை எடுத்துக்கொண்டேன்: இருபுற முதன்மைச் செவிப்புறணி, இருபுற மேல் பொட்டுமடல், வலது கீழ் முன்மடல். இணைப்புகளை வரைய அரை நாள்கூட ஆகவில்லை. என்னை இரண்டு மாதம் உட்கார வைத்தது உள்ளீடுதான்.

உள்ளீடு என்பது வெளியிலிருந்து மாதிரிக்குள் நுழையும் ஒரு சின்ன மேடு. எந்தப் பகுதியில் நுழைகிறது, எத்தனை மில்லிவினாடியில் நுழைகிறது, எவ்வளவு அகலம், இவற்றை நாம்தான் சொல்ல வேண்டும். மென்பொருள் 60 மில்லிவினாடி, அகலம் 16 என்று போட்டு வைத்திருக்கும். ஒலி செவிப்புறணியை 20 மில்லிவினாடிக்குள்ளேயே எட்டிவிடுமே, ஏன் 60 என்று முதலில் குழம்பினேன். ஆரம்பத்துச் சிற்றலைகளை இந்த மாதிரி கணக்கில் எடுப்பதில்லை. 100 மில்லிவினாடியை ஒட்டி வரும் முதல் பெரிய அலையைத்தான் பிடிக்கப் பார்க்கிறது. உள்ளே நுழைந்தது அலையாக எழுந்து வரச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் 60. அதுவும் ஒரு முன்ஊகம்தான், கணிப்பின்போது தானே கொஞ்சம் நகர்ந்துகொள்ளும்.

என் தரவில் அந்தப் பெரிய அலை 140-இல் வந்தது. 60 வைத்தால் பொருந்தவில்லை, 90 வைத்தேன், அழகாகப் பொருந்தியது. மகிழ்ச்சியாக ஆய்வுக்கூடத்து அக்காவிடம் காட்டினேன்.

“ஏன் தம்பி 90?”

“பொருந்துதுக்கா.”

“அது காரணம் இல்லையே.”

அன்று மாலையே இருவரும் ஒலி வரும் கம்பியைப் பிரித்து, ஒரு கிளையை இஇஜி பெருக்கியின் காலி வாயிலில் மாட்டினோம். ஒலி தொடங்கியதாகக் கணினி அனுப்பும் குறி ஒரு தடத்தில். உண்மையான ஒலி இன்னொரு தடத்தில். திரையைப் பெரிதாக்கினால் குறிக்குப் பிறகு வெறும் நேர்கோடு ஓடுகிறது, அப்புறம்தான் ‘ஒ’வின் முதல் நெளிவு எழுகிறது. 34 மில்லிவினாடி தாமதம். இருபது தடவை பார்த்தோம், ஏறக்குறைய அதே அளவு. ஒலி அட்டை செய்த வேலை. தாமதம் நிலையாக இருந்ததால் தரவை மறுபடி பதிய வேண்டியிருக்கவில்லை. எல்லாக் குறிகளையும் நகர்த்தினேன், அலை 106-க்கு வந்து நின்றது, 60 சரியாக உட்கார்ந்தது. கருவியின் தாமதத்தை மூளையின் தாமதமாக எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது, எங்கே நுழைகிறது என்பது. ஆசையில் ஒரு மாதிரியில் முன்மடலுக்கும் உள்ளீட்டுக் குறி போட்டுப் பார்த்தேன். வளைவு தரவோடு ஒட்டிக்கொண்டது. “காதிலிருந்து முன்மடலுக்கு நேர்வழி எங்கே இருக்கு, காட்டு” என்றார் அக்கா. மூளை நடுவிலுள்ள தலாமஸ் வழியாக வரும் ஒலிச்செய்தி செவிப்புறணியின் நான்காம் அடுக்கில் இறங்குகிறது. மாதிரியும் உள்ளீட்டை அந்த அடுக்கின் செல்களுக்குத்தான் தருகிறது. முன்மடலுக்கு நேராக ஊட்டிவிட்டால், செவிப்புறணியிலிருந்து அங்கே செய்தி எப்படிப் போகிறது என்ற என் கேள்வியே காணாமல் போய்விடும். குறியை எடுத்தேன். இரண்டு செவிப்புறணிகள் மட்டும்.

கடைசிச் சிக்கல் எங்கள் சொற்களிலேயே இருந்தது. இரண்டிலும் ஒரே ‘ஒ’வை வெட்டி ஒட்டியிருந்தோம், ளகரமும் ழகரமும் பிரிவது 120-ஆவது மில்லிவினாடியில்தான். மெய்யெழுத்து வந்து சேர்வதும் செவிக்கு ஒரு புது நிகழ்வு. அதை ஒரே மேட்டால் எப்படிச் சொல்வது? நேரப் பெட்டியில் 60, 180 என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் இரண்டு உள்ளீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றின் நேரமும் தனித்தனியாகச் சரியாகும். இரண்டையும் செவிப்புறணிக்கே கொடுத்தேன், இரண்டு சொல்லுக்கும் ஒரே விதமாக. சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை இணைப்புகளின் வலு மாற்றம்தான் விளக்க வேண்டும் என்று விட்டேன். மாதிரிகளை ஒப்பிட, பொருத்தத்தோடு சிக்கல் கூடுவதற்கான தண்டனையையும் சேர்த்துக் கணக்கிடும் கட்டற்ற ஆற்றல் என்ற அளவில், முதல் ஆறு பேருக்கும் இரண்டு உள்ளீட்டு மாதிரியே ஒற்றை உள்ளீட்டு மாதிரியை 3-க்கு மேல், அதாவது தெளிவாகவே, முந்தியது.

ஏழாவதாக வந்தவர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, ழகரத்தைத் துல்லியமாகச் சொல்பவர். அவர் தரவு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.