குடிபோக ஊர் பார்க்கும் பயணம்: வீட்டைக் கடைசியில் பாருங்கள்

வேறு ஊருக்குக் குடிபோகலாம் என்று முடிவானதும் பலரும் நேராக வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டை இடித்துக் கட்டலாம், சன்னலை மாற்றலாம், சுவருக்குப் புது வண்ணம் அடிக்கலாம். நிலத்தடி நீரையோ, பக்கத்து நெடுஞ்சாலையின் இரைச்சலையோ, ஆஸ்பத்திரி இருக்கும் தூரத்தையோ எந்தக் கொத்தனாராலும் மாற்ற முடியாது. அதனால் ஊர் தேடும் முதல் பயணத்தில் நாங்கள் வீடே பார்ப்பதில்லை, புரோக்கருக்கு ஃபோன் செய்வதும் இல்லை. மாற்ற முடியாதவற்றை அளந்து குறித்துக்கொண்டு வருவதற்கு மட்டுமே அந்தப் பயணம்.

பாதி வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பட்டியலில் பத்து ஊர் இருந்தால் வரைபடத்தை வைத்தே அதை மூன்று நான்காகக் குறைத்துவிடலாம். முதல் சல்லடை ஆஸ்பத்திரி. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டில் அறிகுறியைப் புரிந்துகொள்ளும் நேரமும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும். ஆகவே இருபத்து நாலு மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இல்லாத ஊரை, வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். கிலோமீட்டரை நம்ப வேண்டாம். மாலை ஆறு மணி நெரிசலில் எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

அடுத்தது செயற்கைக்கோள் படம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பின்னோக்கிப் பார்க்கலாம். இன்று மனைகளாக இருக்கும் இடம் முன்பு ஏரியாகவோ வயலாகவோ இருந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். குப்பைக்கிடங்கு, தொழிற்பேட்டை, கல்குவாரி, ரயில் தண்டவாளம், விமான ஓடுபாதையின் நேர்க்கோடு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் வீசும் என்பதை வானிலைத் தளங்களில் பார்த்து, குப்பைக்கிடங்கின் நாற்றம் வந்து சேராத, காற்று வரும் பக்கத்துக் குடியிருப்புகளை மட்டும் நேரில் பார்க்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? அந்த ஊர்க்காரர்கள் எந்த மாதத்தை நினைத்தால் முகம் சுளிப்பார்களோ அந்த மாதத்தில். கோடையில் காயும் ஊருக்குக் கோடையின் கடைசியில், வெள்ளம் வரும் ஊருக்குப் பெருமழை விட்ட இரண்டு நாளைக்குள் போனால் நல்லது. நல்ல பருவத்தில் எல்லா ஊரும் அழகுதான். திருவிழா, நீண்ட விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஊருக்குக் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். அதில் ஒன்றாவது வேலை நாளுக்கு முந்தைய இரவாக இருக்கட்டும். அப்போதுதான் மறுநாள் காலை எட்டரை மணிச் சாலை உங்கள் கண்ணில் படும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். களைத்துப்போய் இருட்டில் இறங்கினால் எந்த ஊரும் பிடிக்காது. பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்ந்துவிட்டால் வெளிச்சத்தில் ஒரு சுற்று வரலாம்.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம். குடியிருப்புப் பகுதிக்குள் சமையலறையோடு நாள் வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓடும், தண்ணீரைச் சுத்திகரித்தே கொடுப்பார்கள், அறை சாலைக்குப் பின்புறம் இருக்கும். ஊரின் குறை எதுவும் உங்களை எட்டாது. தெருவுக்குள் ஒரு வீட்டில் தங்கி, சமைத்து, துணி துவைத்து, குப்பையை வெளியே வைத்துப் பாருங்கள். அதை யார் எப்போது வந்து எடுக்கிறார்கள் என்பதுகூட ஒரு தகவல்.

வண்டியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரின் கடினத்தன்மை (படிவு உண்டாக்கும் சுண்ணாம்புத் தன்மை) பார்க்கும் சோதனைப் பட்டைகள், மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில், பிளக்கில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர், டார்ச், அளவு தெரிந்த ஒரு வாளி, வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட இரண்டு ஃபோன், ஆளுக்கொரு நோட்டு.

தண்ணீருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தங்கும் வீட்டின் சமையலறைக் குழாயில் முதலில் வாளியை நிரப்பி நேரத்தைக் குறியுங்கள். 15 லிட்டர் வாளி இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், அழுத்தம் குறைவா, குழாய் அடைத்திருக்கிறதா என்று வேறொரு குழாயிலும் பாருங்கள். எல்லாக் குழாயும் ஒரேபோல மெதுவாக வந்தால் பிரச்சினை தொட்டியின் உயரத்திலோ ஊர் விநியோகத்திலோ இருக்கிறது. பிறகு டி.டி.எஸ். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை அளக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு ‘இங்கே தண்ணீர் அருமை’ என்பவர்கள் நிறையப் பேர். குளிப்பதும் துவைப்பதும் இயந்திரத்துக்கு முந்தைய தண்ணீரில்தான். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சுவை பொதுவாக நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

ஆனால் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை மட்டும்தான், அதையும் தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கணிக்கிறது. கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எவ்வளவு என்றும் சொல்லாது. 300 காட்டும் தண்ணீரிலும் ஃபுளோரைடு வரம்பை மீறியிருக்கலாம். குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 50, ஆர்சனிக்குக்கு 0.01. கடைசிக் கட்டத்தில் நிற்கும் ஊர்களின் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். ரசாயனச் சோதனைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் இன்னும் சீக்கிரம், சேர்க்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த பாட்டிலைக் கொடுத்தால் வரும் முடிவுக்கு அர்த்தமில்லை.

கண்ணாடிப் பாட்டில் எதற்கு? குழாயில் தெளிவாக வரும் தண்ணீரை அதில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி அடியில் துகள் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது என்று பொருள். நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரிகிறது. வெள்ளைத் துணி அந்த ஊரில் வெள்ளையாக இருக்காது. கடினத்தன்மையைப் பட்டையில் பார்ப்பதோடு குழாயின் வாயையும் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராமைத் தாண்டினாலே படிவு தொடங்கக்கூடும்.

இன்னொன்று, மீட்டரே தேவைப்படாதது. தெருவில் நடக்கும்போது வாசல்களைக் கவனியுங்கள். வீட்டுக்கு வீடு பெரிய டிரம்மும், தொட்டிக்கு மேல் இன்னொரு தொட்டியும், தெருமுனையில் தண்ணீர் லாரியின் டயர்த் தடமும் இருந்தால், குழாயில் என்ன வந்தாலும் அந்த ஊரில் தண்ணீர் பஞ்சம்தான்.

சுவர்களும் பேசும். வெள்ளம் வந்துபோன தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு கிடைக்கும். முன்பக்கத்தில் வண்ணம் அடித்து மறைத்திருப்பார்கள், பக்கவாட்டு மதிலையும் மின்கம்பத்தையும் பாருங்கள். பழைய வீடுகளின் வாசல்படியில் பாதி தார்ச்சாலைக்குள் புதைந்திருந்தால், சாலையை மேன்மேலும் போட்டு உயர்த்திவிட்டார்கள், மழைநீர் வீட்டுப் பக்கம்தான் ஓடும். புதிதாகக் கட்டும் வீடுகள் மட்டும் நாலைந்து அடி மேடை போட்டு எழும்பியிருந்தால், உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை சுவரில் உப்புப் பூத்து, காரை பெயர்ந்திருப்பது அடியிலிருந்து ஏறும் ஈரம்.

மின்சாரத்துக்கு மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை வோல்ட்மீட்டரைச் செருகிவையுங்கள். 230 வோல்ட் நாடுகளில் பத்து சதவீதம் கூடக்குறைய, 207 முதல் 253 வரை, இருந்தால் ஏற்கலாம். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் அந்த நேரத்தில் 190-க்கு இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கோடு நீண்டு வந்து, நீங்கள் அதன் கடைசியில் இருக்கக்கூடும். இரண்டு தெரு தள்ளிப் போனாலே சரியாக இருக்கக்கூடும். ஊரையே ஒதுக்க வேண்டியதில்லை.

இரைச்சலை இரவு பதினொன்றுக்கும் விடியற்காலை ஐந்துக்கும் சன்னலைத் திறந்துவைத்துக் கேளுங்கள். ஃபோன் செயலியின் டெசிபல் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் எல்லா ஊரிலும் அதே ஃபோனால் அளந்தால் ஒப்பிட உதவும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். விடியற்காலையில் போக இன்னொரு காரணம் நாற்றம். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்பதால், புகையும் சாக்கடை நாற்றமும் மேலே கலையாமல் தாழ்வாகத் தேங்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கலைந்துவிடும். பகலில் மட்டும் சுற்றிப்பார்ப்பவர் மூக்குக்கு அது எட்டவே எட்டாது.

மலை ஊர் ஆசை உள்ளவர்களுக்கு: 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும், சரி. ஆனால் 1500 மீட்டரில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும். தங்கும் வீட்டின் அலமாரியைத் திறந்து முகர்ந்துபாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் மழைக்காலத்தில் துணி காயாது.

இணையம் வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இரவு எட்டுக்கு மேல் பாருங்கள். ஃபோன் அமைப்பில் தெரியும் சிக்னல் எண், 4ஜி-யில், மைனஸ் 90-க்குள் (மைனஸ் 80 போல) என்றால் நல்லது, மைனஸ் 110-க்கு அப்பால் (மைனஸ் 115 போல) என்றால் பேச்சு அறுந்து அறுந்து வரும். பதிவிறக்க வேகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் பதிவேற்ற வேகத்தையும் பார்க்க வேண்டும், அரைமணி நேரம் வீடியோவில் பேசிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வீட்டில் கார் ஓட்டாதவர் ஒருவர் இருப்பார். ஒரு பகல் முழுக்க அவர் காரைத் தொடாமல் கழிக்கட்டும். மருந்துக் கடை, பால், பேருந்து நிறுத்தம், இருட்டிய பிறகு திரும்பும் வழி எல்லாம் நடந்தோ பேருந்திலோ. ஓட்டுபவர் பத்து நிமிடம் என்று நினைக்கும் ஊர் இவருக்குச் சிறையாக இருக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதைவிட எப்படிக் கேட்பது முக்கியம். ‘ஊர் எப்படிங்க?’ என்றால் ‘நல்ல ஊர்ங்க’ என்பதுதான் பதில். யாரும் தன் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ‘கடைசியா எப்பங்க கரண்ட் போச்சு, எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சு?’, ‘எந்த மாசம் தண்ணி லாரி வாங்குவீங்க?’, ‘இந்த வருஷம் எந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சு?’ என்று நடந்ததைக் கேளுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், மருந்துக் கடைக்காரர் மூவரும் எல்லா வீட்டு நோயும் அறிந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்து ஓரிரண்டு ஆண்டு ஆனவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து ஆண்டு ஆனவருக்குக் குறைகள் பழகிப்போயிருக்கும்.

குறிப்பெழுதுவதை அன்றன்று இரவே முடியுங்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்கு முன்பு, தனித்தனியாக. பேசிய பிறகு எழுதினால் குரல் பெரியவருடைய கருத்துதான் இரண்டு நோட்டிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள், ஆனால் சராசரி எடுக்காதீர்கள். தண்ணீருக்குப் பூஜ்யமும் இயற்கைக் காட்சிக்கு ஐந்தும் வாங்கிய ஊர் சராசரியில் தேறிவிடும், வாழ்க்கையில் தேறாது. தண்ணீர், ஆஸ்பத்திரி, வேலை மூன்றில் எதிலாவது மதிப்பெண் ஒன்றுக்குக் கீழே போனால் அந்த ஊர் பட்டியலிலிருந்து வெளியே. மனம் செய்யும் இன்னொரு கோளாறு, கடைசியாகப் பார்த்த ஊர் பளிச்சென்று நிற்பது. திரும்பும் வழியை முதல் ஊர் வழியாகப் போட்டு, அங்கே அரை நாள் நின்றுவிட்டு வந்தால் தராசு ஓரளவு சமமாகும்.

பயணத்தின்போது முன்பணம் கொடுக்கவே கூடாது. ‘நாளைக்குள் இன்னொருத்தர் எடுத்துடுவாங்க’ என்று சொல்லும் வீடு போனால் போகட்டும். ஒரு ஊர் தேறிவிட்டால் எதிர்ப்பருவத்தில் இன்னொரு முறை போய்வந்து, அதன் பிறகு வாடகைக்கு வீடு தேடுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் அந்த ஊரின் மோசமான பருவம் முழுசாக வந்துபோகும்படி தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வாங்குவதோ கட்டுவதோ அதைக் கடந்த பிறகு.