தலையணையில் தொலைந்த 12 டிகிரி

நேத்து சாயங்காலம் தம்பியோட பிசியோதெரபிஸ்ட் பதறிப்போய் போன். "ஆப்ல பார்த்தேன், சாரோட முட்டி 140 டிகிரி மடங்கியிருக்குங்க. இருபது நிமிஷத்துல 312 தடவை! யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

முட்டிக்குள்ள கிழிஞ்ச ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலா புதுசு வச்சுக் கட்டி இன்னைக்கோட பதினேழு நாள். 90 டிகிரி மடங்கினாலே சந்தோஷப்படுற கட்டம். எட்டிப் பார்த்தா தம்பி வாயைப் பொளந்து தூங்குறான். ஹால்ல என் சின்னவன் கார்ட்டூன் பார்த்துக்கிட்டே காலை ஆட்டுறதும், குதிகால்மேல உட்காருறதும், திரும்ப ஆட்டுறதுமா இருக்கான். முட்டி மடங்குறதை அளந்து ஆப்புக்கு அனுப்புற தம்பியோட சென்சார் பட்டைகளை அவன் கட்டிக்கிட்டிருக்கான்: தொடையில ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழ ஒரு பட்டை, அந்தக் குச்சிக் காலுக்கு ரெண்டு ரெண்டு சுத்து. "மாமாவுக்கு டார்கெட் முடியலைம்மா. அதான் நான் முடிச்சுத் தரேன்."

பட்டைக்கு யார் காலுன்னெல்லாம் தெரியாது. தொடைப் பட்டை எவ்வளவு சாய்ஞ்சிருக்கு, கீழ்ப் பட்டை எவ்வளவு சாய்ஞ்சிருக்கு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முட்டியோட கோணம். உள்ளே சாய்வையும் சுழற்சியையும் உணர்ற ஆக்சிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் இருக்கே தவிர கண்ணா இருக்கு? காந்த சென்சாரும் சேர்ந்த ரகம்னா இன்னும் மோசம், ஸ்டீல் பீரோ பக்கத்துல போனாலே அதுக்குத் திசை குழம்பிடும்.

சரி, சிரிச்சுட்டு விட்டுடலாம்னா பிசியோதெரபிஸ்ட் அடுத்து ஒண்ணு கேட்டாங்க: "காலை நீட்டும்போது மைனஸ் 14 காட்டுதே, முட்டி பின்பக்கமா வளையுதா?"

சின்னவன் காலுக்கு ஒரு குறையும் இல்லை. பட்டை கட்டின இடமே வேற, அதனால அந்த 14ஐ அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் ஆப்ல பூஜ்யம், அதாவது கால் நேரா இருக்கிற நிலை, எங்கே போட்டாங்கன்னு ஒரு சந்தேகம். தம்பியை எழுப்பி, மூட்டோட கோணம் அளக்கிற கோனியோமீட்டரோட மையத்தை முட்டியின் வெளிப்பக்கத்துல வச்சு, ஒரு கையை இடுப்புப் பக்கம் புடைச்சிருக்கிற தொடையெலும்பு முனையை நோக்கியும் இன்னொண்ணைக் கணுக்காலோட வெளி எலும்பை நோக்கியும் பிடிச்சா, நேராக 12 டிகிரி பாக்கி! ஆப் மட்டும் பத்து நாளா "0, அருமை!"ன்னு பச்சை விளக்கு போட்டுட்டு இருந்திருக்கு.

காரணம் அம்மா. "புள்ளைக்கு வலிக்குமே"ன்னு முட்டிக்கடியில இலவம்பஞ்சுத் தலையணை. அது மேல கால் இருக்கும்போதே தம்பி ஆப்ல பூஜ்யம் பட்டனை அமுக்கியிருக்கான். தராசுத் தட்டுல கல்லை வச்சுட்டு முள்ளை நடுவுக்குத் திருப்பின கதை. முட்டி லேசா மடங்கியிருந்தா சுகமாத்தான் இருக்கும், அதுதான் வில்லங்கமே. முதல் சில வாரத்துல முழுசா நீட்ட வரலைன்னா முன்பக்கம் தழும்புச் சதை வந்து அடைச்சுக்கலாம், தொடைத் தசை தூங்கிடலாம், நடை நொண்டலாம். மடக்குறது மெதுவா வந்துக்கும், நீட்டுறது காத்திருக்காது.

பூஜ்யம் போடுற முறையே வேற. மல்லாக்கப் படுத்து, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில வச்சு, முட்டிக்குக் கீழ வெறும் காத்து இருக்கணும். தொடையை இறுக்கி ஐந்து எண்ணி, அப்புறம் அமுக்கணும். அப்பவும் கால் நேராகலைன்னா நேர்னு சொல்லி அமுக்கவே கூடாது, கோனியோமீட்டர்ல அளந்து வர்ற பாக்கியைத்தான் ஆப்ல பதியணும். கீழ்ப் பட்டை கெண்டைச் சதை மேல போகாம, முன்னெலும்பு தட்டையா இருக்கிற உள்பக்கத்துல உட்காரணும். சதை ஆடினா சென்சாரும் ஆடும். ரெண்டு விரல் நுழையிற இறுக்கம் போதும். அறுவைக்கப்புறம் தொடை இளைச்சுட்டே போறதால, போன வாரத்து இறுக்கத்துலயே கட்டினா பட்டை வழுக்கி முட்டிக்கு வந்து நிக்கும்.

தைலத்தைப் பத்தித் தனிப் பதிவே போடலாம். தொடைத் தசையைத் தட்டி எழுப்புற மின்தூண்டல் ஒட்டுப்பட்டை மூணு நாளா ஒட்டலைன்னு கம்பெனியைத் திட்டிட்டிருந்தான். அம்மா ராத்திரி ராத்திரி அவன் தூங்கினப்புறம் நீலகிரித் தைலம் தடவியிருக்காங்க. மழையில நனைஞ்ச சினிமா போஸ்டராட்டம் உரிஞ்சு வந்தது.

இத்தனையும் சொன்னா தம்பியோட கவலை என்ன தெரியுமா? பூஜ்யத்தைத் திருத்தினா பழைய கணக்கெல்லாம் அழிஞ்சு, ஆப் குடுத்த "பத்து நாள் தொடர் வெற்றி" பதக்கம் போயிடுமாம். முப்பத்தஞ்சு வயசு, ராத்திரி பத்து மணிக்கு டர்ஃப்ல ஃபுட்பால் ஆடி ஜவ்வைக் கிழிச்சுக்கிட்ட முகம் இது.

பதக்கம் போயிடுச்சு. குதிகாலுக்குத் துண்டு வச்சாச்சு. முட்டிக்கடியில இருக்கிற அந்த இடைவெளியையே அம்மா பார்த்துட்டு இருந்தாங்க.

"தலையணை வேணாம், சரி. கை வச்சுக்கலாமா?"

"கையும் கூடாதும்மா."

துண்டை உருவிட்டுக் குதிகாலுக்கு அடியில கையை வச்சுக்கிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு அலாரம் வச்சிருந்தேன். அடிச்சு ஓஞ்சப்புறமும் எடுக்கலை.