காரணம் கேட்காமல் குறித்துவைத்தல்

தன்னைத் தான் அறிவது என்றால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று யோசித்தபடி படுத்திருப்பதுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்தக் கேள்வியின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. 'ஏன்' என்று கேட்ட மாத்திரத்தில் மனம், நம்மை நல்லவராகவோ பரிதாபத்துக்குரியவராகவோ காட்டும் ஒரு காரணத்தைத் தேடி எடுத்து நீட்டிவிடுகிறது. நாமும் அதை நம்பித் தூங்கிப்போகிறோம்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் இருவரும் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. ஒரே மாதிரியான 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். மற்ற எதையும்விட வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் காரணமோ என்று எடுத்துக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். காலுறைக்கே இந்தப் பாடு என்றால், வீட்டில் ஏன் சிடுசிடுத்தோம் என்பதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தில் எவ்வளவு தேறும்?

ஆகவே காரணத்தை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைக்கிறேன். தேதி, நேரம், யார் உடன் இருந்தார்கள், என்ன சொன்னேன், உடம்பு எப்படி இருந்தது, அவ்வளவுதான். 'மாலை 6 மணி. பால் பாக்கெட் வாங்கவில்லை என்று சத்தம் போட்டேன். தலைவலி இல்லை. மதியம் சித்தப்பா போன்.' கோபக்காரன், பொறுமையில்லாதவன் போன்ற பட்டங்களுக்கு அங்கே இடமில்லை. பட்டம் கொடுத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது.

வேலைப்பளுவால் எரிச்சலடைகிறவன் என்றே என்னைப் பற்றிச் சொல்லிவந்தேன். குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது, வேலை நெரித்த நாட்களில் பெரும்பாலும் வீட்டில் அமைதியாகவே இருந்திருப்பது தெரிந்தது. சத்தம் போட்ட நாட்களிலோ, அன்றைக்கோ முதல் நாளோ, மனமில்லாத ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டியிருந்தேன். "நீ முன்னால நின்னு நடத்துனாத்தான்டா நல்லாருக்கும்" என்று சித்தப்பா சொல்ல, "அதுக்கென்ன சித்தப்பா, செஞ்சிரலாம்" என்று பதில் சொன்ன கையோடு உள்ளுக்குள் புகையத் தொடங்கி, அது மாலையில் பால் பாக்கெட்டில் போய் முடிந்திருக்கிறது. பெரியவர்களிடம் முடியாது என்று நேருக்கு நேர் சொல்வது நம் குடும்பங்களில் எளிதல்ல என்பது வேறு சங்கதி. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதாவது தெரிகிறது: அலுவலக நேரத்தை அல்ல, 'யோசிச்சுட்டுச் சொல்றேன் சித்தப்பா' என்ற ஒரு வரியைப் பழக வேண்டும்.

"ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்" என்கிறது 190ஆம் குறள். புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. பிறர் குற்றத்தைக் கூர்ந்து பார்க்கும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்கச் சொல்கிறது. சம்பவம் சூடாக இருக்கும்போது எனக்கு அது கைகூடுவதில்லை. நாள் சென்று படிக்கும்போது, குறிப்பில் இருப்பவன் பாதி அந்நியனாகிவிடுகிறான். அவனுக்காக வாதாட வேண்டிய அவசரம் எனக்கு இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தன்னை அறியும் ஆர்வத்தில் யோசிப்பதும், பட்ட காயத்தையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறானவை என்று பால் டிராப்னெல், ஜெனிஃபர் கேம்ப்பெல் என்ற ஆய்வாளர்கள் 1999இல் பிரித்துக் காட்டினார்கள். பழைய பக்கங்களைத் தினமும் புரட்டினால் இரண்டாவதில்தான் போய் விழ நேரிடும். போதாக்குறைக்கு, படிக்கப்போகும் தன்னை மனத்தில் வைத்துக்கொண்டு அழகாக எழுதவும் தொடங்கிவிடுவோம். மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைக் கூட்டும்போது மட்டும் அந்தப் பக்கங்களைப் படிப்பது என்று வைத்திருக்கிறேன்.