கட்டுரைக்கு மூன்று மாதிரி, கருவிக்கு 59

மருத்துவமும் பொறியியலும் சேர்த்துப் படித்துவிட்டு மருத்துவக் கருவி செய்ய வருபவர்களுக்கு முதல் தடுமாற்றம் ஓர் எண்ணில்தான். ஆய்வுக் கட்டுரைக்கு மூன்று மாதிரி வைத்துச் சராசரி போட்டுவிடலாம். கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) இணைப்பிலிருந்து கழன்று வராது என்று சொல்ல அது போதாது. 95% நம்பிக்கை மட்டத்தில் 95% நம்பகத்தன்மை காட்ட, அதாவது நூற்றுக்கு 95 கருவியாவது தாங்கும் என்று 95% உறுதியோடு சொல்ல, 59 மாதிரி வேண்டும். ஒன்றுகூடத் தோற்கக் கூடாது. பழுதின் விளைவு சிறியது என்று இடர் மதிப்பீடு சொன்னால் நம்பகத்தன்மையில் 90 சதவீதத்துக்கு இறங்கலாம், 29 போதும். எந்தப் பழுதுக்கு எந்த எண் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறோம். ஒன்று தோற்றபின் எண்ணைத் திருத்தினால் தணிக்கையில் கையெழுத்துத் தேதியே காட்டிக்கொடுக்கும்.

அந்த 59-உம் நோயாளிக்குப் போகும் அதே பொருளாக இருக்க வேண்டும்: அதே அச்சு, அதே பசை, உறையிட்டு, கிருமி நீக்கி. முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் மாதிரி 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்க மட்டுமே அது உதவும்.

அதிகம் அடிபடுவது பசையில். இரண்டு குழாய்களை மாற்றிச் செருகிவிடாமலிருக்க இணைப்புக்கு நிறம் வேண்டும் என்று செவிலியர்கள் கேட்பார்கள், நியாயமான கோரிக்கை. ஆனால் புற ஊதா ஒளியில் இறுகும் பசைக்கு நிறமி ஒரு திரை. ஒளி பட்ட விளிம்பு கல்லாகிவிடும், உள்ளே பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். இழுவைச் சோதனையில் விளிம்பின் பலத்திலேயே தேறிவிடும் என்பதுதான் இதில் மோசம். ஐஎஸ்ஓ 10993-5 என்ற சர்வதேசத் தரநிலையின் செல் நச்சுச் சோதனையில், பசையின் இறுகாத அக்ரிலேட் கருவியை ஊறவைத்த சாற்றில் இறங்கி, உயிரோடிருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் வாரங்கள் போயிருக்கும். அதனால் முதல் தொகுதியிலேயே இணைப்பை நீளவாக்கில் அறுத்து, உருப்பெருக்கியின் கீழ் ஊசிமுனையால் தொட்டுப் பார்க்கிறோம். பசை நூலாக இழுபட்டால் இறுகவில்லை. இணைப்பைத் தெளிவாகவே விட்டுவிட்டு நிறத்தைக் கவ்விக்குக் கொடுப்பதே நல்ல வழி. வெப்பத்திலும் இறுகும் பசைக்கு மாறலாம், ஆனால் சோதனைகளைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆயுட்காலச் சோதனையைப் பொறுத்தவரை, 25 டிகிரியில் ஓர் ஆண்டு வைத்திருப்பதற்கு 55 டிகிரியில் 46 நாள் ஈடு, இரண்டு ஆண்டுக்கு 92 நாள். பத்து டிகிரி கூடினால் பழுதாகும் வேகம் இரட்டிக்கும் என்ற அனுமானக் கணக்கு இது. எனவே உண்மைக் கால மாதிரிகளையும் அதே நாளில் அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் வேறொரு ஆபத்து உண்டு. மாநாட்டுச் சுருக்கம், சுவரொட்டி, பொது அரங்கில் நடக்கும் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு எல்லாமே பொது வெளிப்பாடுதான், அதன்பின் காப்புரிமை கைநழுவிப் போகலாம். அமெரிக்காவில் வெளிப்படுத்திய பின்னும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்குப் பொதுவாக அதுவும் கிடையாது. காப்புரிமை விண்ணப்ப எண் கைக்கு வந்தபிறகே சுருக்கம் அனுப்ப வேண்டும்.

துறையை நடத்துபவர் கையில் இருப்பது வேலைப் பகிர்வு. மாணவரின் பட்டத்தைக் கருவியின் ஒப்புதலோடு முடிச்சுப் போடக் கூடாது. நிறமி எவ்வளவு சேர்ந்தால் பசை எந்த ஆழம்வரை இறுகும் என்ற கேள்வி ஆய்வேட்டுக்குப் போதும். 59 மாதிரிகளை இழுத்துப் பதிவது முழுநேரப் பொறியாளரின் வேலை. வடிவமைப்புக் கோப்பும் காப்புரிமையும் பதவி உயர்வில் எப்படி எண்ணப்படும் என்பதை, இளம் ஆசிரியரின் நியமன ஆணையிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.