கோழி ஈரல், பெராக்சைடு, அந்துருண்டை

படிவம் 4 உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சமையலறையிலேயே செய்து காட்டலாம். சுங்கை சிப்புட் சந்தையில் ஒரு கோழி ஈரல், மருந்துக்கடையில் புண் கழுவும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு புட்டி போதும். ஈரலை ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை மட்டும் கொதிநீரில் 5 நிமிடம் வேகவைத்து ஆறவிடுங்கள். இரண்டு உயரமான கண்ணாடித் தம்ளர்களில் தலா 10 மில்லிலிட்டர் பெராக்சைடு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போடுங்கள். பச்சை ஈரல் நுரைத்துப் பொங்கும். வெந்தது சும்மா கிடக்கும். கங்கு மட்டும் மிச்சமிருக்கும் குச்சியை நுரையருகே காட்டினால் குப்பென்று சுடர் பிடிக்கும், வருவது ஆக்சிஜன்.

பச்சை ஈரலும் நுரைக்காவிட்டால் பெரும்பாலும் கோளாறு புட்டியில்தான். திறந்து பல மாதம் ஆனதும், வெளிச்சத்தில் வைத்ததும் மெல்ல மெல்ல வெறும் தண்ணீராகிவிடும். உறைபெட்டியில் வைத்த ஈரல் பரவாயில்லை, அதில் நொதி பிழைத்திருக்கும். ஒன்று முக்கியம்: கலவையை மூடி போட்டு அடைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

நுரைக்குக் காரணம், பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கேட்டலேஸ் என்ற நொதி. அதுவும் ஒரு புரதம். வேகவைத்ததும் அதன் மடிப்பு குலைந்து வேலை நின்றுவிடுகிறது. தேர்வுக்கு இந்த விடை போதும். ஆனால் பெராக்சைடு என்றால் நஞ்சு, ஆன்டி-ஆக்சிடன்ட் என்றால் அதைத் துடைக்கும் துணி என்ற எண்ணமும் இந்தச் சோதனையோடு மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேதான் பிழை.

3 விழுக்காடு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 0.9 மோல். அமைதியாக இருக்கும் உயிரணுவுக்குள் பெராக்சைடு லிட்டருக்கு 1 முதல் 10 நானோமோல் அளவில்தான் இருக்கிறது. தம்ளரில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பத்துக் கோடி முதல் நூறு கோடி மடங்கு வரை குறைவு. இந்தச் சின்ன அளவில் அது ஒரு தகவல். இன்சுலின் தன் ஏற்பியைத் தொட்டதும் உயிரணுவே வேண்டுமென்று கொஞ்சம் சூப்பராக்சைடு (ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஏறிய ஆக்சிஜன்) உண்டாக்குகிறது. அதை சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் பெராக்சைடாக மாற்றும். (1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த நொதி இது.) அந்தப் பெராக்சைடு, இன்சுலின் சமிக்ஞையை அணைக்கும் பிடிபி1பி என்ற புரதத்தின் கந்தக முனையில் ஆக்சிஜனை ஏற்றி, சற்று நேரம் கட்டிப்போடுகிறது. சமிக்ஞை நீடிப்பது அதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிடிபி1பி பெராக்சைடோடு மிக மந்தமாக வினைபுரியும். பக்கத்திலேயே மண்டிக் கிடக்கும், பெராக்சைடைத் துடைக்கும் பெராக்சிரெடாக்சின் என்ற புரதம் அதைவிட இலட்சக்கணக்கான மடங்கு வேகம். அப்படியானால் பெராக்சைடு பிடிபி1பியை எட்டுவது எப்படி?

2003இல் ஒரு விடை முன்வைக்கப்பட்டது. பெராக்சிரெடாக்சினை வாய்க்காலின் மதகாக நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அதன் கந்தகம் ஒரு பெராக்சைடை ஏற்று, இணைப் புரதத்தின் கந்தகத்தோடு பூட்டிக்கொள்ளும். தயோரெடாக்சின் என்ற இன்னொரு புரதம் வந்து பூட்டைத் திறந்தால் மறுபடி வேலைக்குத் தயார். ஆனால் பூட்டு விழுவதற்குள் இரண்டாவது பெராக்சைடு வந்து மோதினால் கந்தகம் மிகையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து புரதம் முடங்கும். அந்த இடத்தில் மட்டும் மதகு திறந்து, பெராக்சைடு தேவையான இடத்துக்குப் பாய்கிறது. பிறகு சல்ஃபிரெடாக்சின் என்ற நொதி, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து முடங்கியதைச் சரிசெய்யும். பாக்டீரியாவின் பெராக்சிரெடாக்சின்கள் பெரும்பாலும் இப்படி எளிதில் முடங்குவதில்லை. நம்முடையது முடங்குவது பலவீனமல்ல, அதற்கென்றே அமைந்த குணம் என்று கருத இது வலுவான காரணம்.

இன்னொரு விடை அஞ்சலோட்டம் போன்றது. பெராக்சிரெடாக்சினே தான் வாங்கிய ஆக்சிஜனேற்றத்தை அடுத்த புரதத்திடம் கைமாற்றுகிறது. பெராக்சிரெடாக்சின்-2 இப்படி ஸ்டாட்3 என்ற மரபணு இயக்கிக்குத் தகவல் கடத்துவது 2015இல் காட்டப்பட்டது. துடைக்க வந்ததாக நாம் எண்ணிய புரதம்தான் தூதும் போகிறது.

பெராக்சைடு நெருக்கடி கூடினால் அதைக் கீப்1 என்ற புரதம் உணரும். சாதாரண நேரத்தில் அது என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1இன் சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்) மாறியதும் பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய்த் தயோரெடாக்சின் ரிடக்டேஸ், சல்ஃபிரெடாக்சின், குளூட்டாதயோன் என்ற சிறு ஆன்டி-ஆக்சிடன்டைத் தயாரிக்கும் நொதிகள் எல்லாவற்றையும் கூட்டும். அந்தச் சின்ன உறுத்தல் இல்லையென்றால் இந்தத் தயாரிப்பும் இல்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மட்டும் இன்சுலின் உணர்திறன் மேம்படவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைப் புட்டியைக் கையில் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இத்தனை புரதங்களுக்கும் கடைசியில் காசு ஒன்றுதான்: எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு. செம்பனைத் தோட்டங்களில் களைக்கு அடித்த பாராகுவாட் இந்தக் காசைத்தான் காலி செய்யும். என்ஏடிபிஎச்சிடம் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்து, மறுபடி பறிக்க வரும். மலேசியாவில் அது 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. நல்ல முடிவு.

சிவப்பணுவின் நிலை இன்னும் இக்கட்டு. அதற்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. என்ஏடிபிஎச் கிடைப்பதற்கு ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) நொதியின் பாதையை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் நம் மருத்துவமனைகளில் பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். குறைபாடு ஆண் பிள்ளைகளுக்கே அதிகம், ஏனென்றால் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் நாஃப்தலீன் அந்துருண்டை, அதாவது உபாட் கெகாட், அலமாரியில் இருக்கவே கூடாது. அதோடு மடித்து வைத்த துணியையும் குழந்தைக்குப் போடாதீர்கள். ஃபாவா மொச்சையும் ஆகாது. இவை ஆக்சிஜனேற்ற நெருக்கடியைக் கூட்டி, என்ஏடிபிஎச் போதாத சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனை.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. சிவப்பணுக்கள் உடைந்த உடனே ஜி6பிடி பார்த்தால் முடிவு சரியாக இருப்பதுபோல் வரலாம். நொதி குறைந்த பழைய அணுக்கள் அழிந்து, நொதி கூடிய இளம் அணுக்கள் மட்டும் மிஞ்சியிருப்பதே காரணம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.