இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா

"கிறுக்கி விடு புள்ள" என்பார் பெத்தா. எங்கள் மட்டக்களப்பில் பெத்தா என்றால் பாட்டி, கிறுகுவது என்றால் திரும்புவது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போன அவரை, கல்லடியில் அவருடைய மகளின் வீட்டில் எட்டு மாதமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி உதவியாளராக நின்றேன்.

குளிப்பாட்டுவது, சலம் சேரும் பையை வெறுமையாக்குவது, பிறஷர் பார்ப்பது, குடித்த தண்ணீரையும் போன சலத்தையும் அளந்து எழுதுவது எல்லாம் எங்கள் வேலைதான். ஆனால் எது முக்கியம் என்று கேட்டால், நோயாளியின் தோலைப் பார்ப்பது என்றுதான் சொல்வேன். அதை நான் படித்தது ஒரு பிழையிலிருந்து.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். தாதி காட்டித்தந்தபடி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவரைப் புரட்டி, அட்டவணையில் கையெழுத்தும் வைத்தேன். தொழுகை நேரத்துக்கு முன்பே முகம், கை, கால் கழுவிவிட வேண்டும் என்று கேட்பார், அதையும் தவறவிடவில்லை. முதுகையும் இடுப்பின் அடியையும் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். குதிக்காலை மட்டும் பார்க்கவில்லை. நான்காம் நாள் அவர் மனைவிதான் கண்டார். "இதென்ன மகள், இந்த இடம் கறுத்திருக்கு?"

தாதி வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டிய தோல் வெளிறவில்லை. படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்தக் கால்களை எத்தனையோ தரம் கழுவியும் எனக்குக் கண்ணில் படவில்லை என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. அதன் பிறகு கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிக்கால் மெத்தையில் முட்டாமல் தொங்கவிட்டோம். அவர் வீடு போகும் நாள்வரை ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

தொட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகத்தில் 'சிவந்திருக்கும்' என்று எழுதியிருக்கும். நம்முடைய நிறத்தில் சிவப்பு இலேசில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாகவோ குளிராகவோ, கட்டியாகவோ மெதுமெதுப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையாலும் விரலாலும் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான். இரண்டாவது, ஆளை இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் உராயும், உங்கள் இடுப்பும் நாரியும் போகும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் முழங்காலை மடித்து நின்று விரிப்போடு தூக்க வேண்டும்.

வெள்ளை உடுப்பைக் கண்டதும் சனம் தாதியைக் கூப்பிடுவதுபோல எங்களையும் "மிஸி" என்று கூப்பிடும். சேலைன் கொஞ்சம் கெதியாகப் போக விடுங்கள், ஊசி ஒன்று போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அது எங்கள் வேலை இல்லை. தாதியைக் கூப்பிட ஓடுவதுதான் எங்கள் வேலை. மரியாதை கிடைக்கிறதே என்று அந்த எல்லையைத் தாண்டுகிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். விலை கொடுப்பது நோயாளி.

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று பல பிள்ளைகள் கேட்கிறார்கள். தாதியர் கல்லூரியின் மூன்று வருடப் பயிற்சியும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டமும் வேறு வழி. அவற்றுக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வேண்டும். தாதி உதவியாளர் பயிற்சிக்கு அவ்வளவு கேட்பதில்லை. தனியார் நிலையங்கள் பல இதைப் படிப்பிக்கின்றன. காசு கட்டுமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவா, முடிவில் தருவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். எத்தனை நாள் ஆஸ்பத்திரி வாட்டில் நிற்க விடுவார்கள் என்றும் கேளுங்கள். வகுப்பறைப் பொம்மையை மட்டும் புரட்டியவருக்கு, வலியில் முனகும் உடம்பை எங்கே பிடிப்பது என்று தெரியாது. சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கும் முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை இருக்கிறது. என்னோடு நின்ற ஒரு அக்கா நாற்பது வயதுக்கு மேல் அப்படித்தான் எடுத்தார்.

பெத்தாவுக்கு மூக்குக் குழாயால்தான் சாப்பாடு. தலைமாட்டை உயர்த்திக் கொடுத்து, முடிந்த பின்னும் ஒரு மணித்தியாலம் அப்படியே வைத்திருக்க வேண்டும்; உடனே சரித்தால் நெஞ்சுக்குள் ஏறிவிடும். அந்த நேரத்தில் பெத்தாவின் மகளுக்கு விரிப்பைப் பிடிக்கப் பழக்குகிறேன். முதல் நாள் கை நடுங்கியது. நேற்று என்னைக் கேட்காமலே குதிக்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் சுடுகுது போல, வந்து பாருங்க அக்கா" என்றார். போய்ப் பார்த்தேன். சூடுதான். அழுத்தி எடுத்தேன், தோல் வெளிறித் திரும்பவும் நிறம் வந்தது. தலையணையைச் சரிசெய்து, வாவிப் பக்கமாகக் கிறுக்கிவிட்டோம்.